வாரேன் என்று ஒரு செய்தி

ஒத்தக்கடையைத் தாண்டி மேலூர் ரோட்டில் இருக்கும் ஒரு சிறுநீரக ஆஸ்பத்திரியில் பதினாறு வருடமாக ரிசப்ஷனில் வேலை பார்க்கிறேன். டயாலிசிஸுக்கு நேரம் கேட்டு ஓயாமல் போன் வருகிறதென்று, நிர்வாகம் வாட்ஸ்அப்பில் ஒரு சாட்பாட்டை வாங்கி வைத்தது. அதற்கான வாக்கியங்களை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. மிஷன் பள்ளித் தமிழாசிரியையின் மகள் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. "வணக்கம். தங்களை வரவேற்பதில் மகிழ்கிறோம். நேரம் பதிவு செய்ய ஒன்றை அழுத்தவும். நேரம் மாற்ற இரண்டை அழுத்தவும்." எழுதி முடித்தபோது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பெருமை ஒரு வாரம் தாங்கவில்லை. ஒன்றையும் யாரும் அழுத்தவில்லை, இரண்டையும் அழுத்தவில்லை. "இன்னிக்கு டாக்டரு இருக்காரா" என்று கேட்டார்கள். அது "மன்னிக்கவும், தங்கள் பதில் புரியவில்லை" என்றது. "ஏண்டா வெண்ணெ, டாக்டரு இருக்காரான்னுதான கேக்குறேன்" என்று திட்டினார்கள். அதற்கும் மன்னிப்புக் கேட்டது. மூன்று முறை மன்னிப்புக் கேட்ட பிறகு பேச்சு என் கைக்கு வந்துவிடும். "சொல்லுங்கண்ணே" என்று நான் ஆரம்பிப்பேன். இப்படியே ஆறு வருடம், திட்டு வாங்குவது அது, சமாதானம் பேசுவது நான். எரிச்சலான வேலைதான். ஆனால் அந்த மக்கால் யாரும் கெட்டுப்போகவில்லை, ஏனென்றால் அது மக்கு என்பது எல்லோருக்கும் தெரியும். அதை நம்பி ஒருவரும் எதையும் விட்டதில்லை.

அப்படி என்னிடம் வந்து சேர்ந்தவர்களில் திருவாதவூர்க்காரர் ஒருவர். அறுபது வயதிருக்கும், விவசாயம். அவர் மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. செவ்வாயும் வெள்ளியும் காலை ஏழு மணிக்கு மெஷினில் போட்டால்தான் உடம்பில் தேங்கும் தண்ணீர் வெளியே வரும். நாள் தள்ளினால் முகம் வீங்கும், இன்னும் தள்ளினால் மூச்சு முட்டும், அதற்கும் மேல் போனால் உயிருக்கே உலை.

அவர் எழுதும் செய்தியில் புள்ளி கிடையாது, கமா கிடையாது. "நாளைக்கு ஏழு மணிதான தாயி சரி வாரேன்" என்று எழுதுவார். கிளம்பும்போது போறேன் என்று யாரும் வாயெடுத்துச் சொல்லாத ஊர் எங்களுடையது. வாசலை விட்டு இறங்கினாலும் வாரேன், போனை வைத்தாலும் வாரேன். அவர் வாட்ஸ்அப்பை மூடும்போதும் அதைச் சொல்லாமல் மூடமாட்டார். "வாங்கண்ணே, மதினிய கேட்டதாச் சொல்லுங்க" என்று நான் பதில் போடுவேன். அந்த அம்மாளிடம் நேரில் நாலு வார்த்தைகூடச் சேர்ந்தாற்போல் பேசியதில்லை, ஆனாலும் மதினிதான்.

ஒரு நாள் எங்கள் எல்லோரையும் மேல்மாடி ஹாலுக்குக் கூப்பிட்டார்கள். சென்னையிலிருந்து வந்திருந்தவர் திரையில் எதையோ ஓடவிட்டபடி பேசினார். "பழசு, எழுதிக் குடுத்தத ஒப்பிக்கும் மேடம். இது ஏ.ஐ. ஏஜென்ட். இதுவே புரிஞ்சிக்கும், இதுவே யோசிக்கும், இதுவே முடிவெடுத்து வேலைய முடிச்சிடும். நேரம் மாத்தறது, மெஷின் ஒதுக்கறது எல்லாம் அதுவே பாத்துக்கும்." என்னைச் சோதித்துப் பார்க்கச் சொன்னார். நான் வேண்டுமென்றே பேச்சுத் தமிழில், "வீட்ல கால் வீங்கிருக்கு" என்று எழுதினேன்.

எழுதிய விரலை எடுப்பதற்குள் பதில் வந்தது. "அச்சச்சோ, எப்பருந்துண்ணே? மதினி நேத்து உப்பு கிப்பு எதும் கூடச் சேத்துக்கிட்டாங்களா?"

ஹாலே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த உப்பு கிப்பு என்னுடையது, அந்த மதினியும் என்னுடையவள். ஆறு வருடமாக நான் நோயாளிகளுக்கு எழுதிய பதில்களையெல்லாம் மொத்தமாக அள்ளி அதற்குக் கொடுத்திருந்தார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் புடவையை வேறொருத்தி கட்டிக்கொண்டு எதிரே வந்து நின்றால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. "எப்படி மேடம், உங்கள மாதிரியே இல்ல?" என்று அவர் கேட்டதற்கு, ஆமாம் என்று தலையை ஆட்டிவைத்தேன்.

அதன் பிறகு கீழே ரிசப்ஷனில் நான்கு பேர் இருந்த இடத்தில் ஒருத்தி மட்டும் மிஞ்சினாள். இரண்டு பேரை நிறுத்திவிட்டார்கள். என்னை மாடியில் ஜன்னலில்லாத ஓர் அறைக்கு மாற்றினார்கள். அது பேசி முடித்த பேச்சுகளைப் படித்து, சரியென்றால் சரி, தவறென்றால் தவறு என்று குறிக்க வேண்டும், தவறென்றால் ஏன் என்று ஒரு குறிப்பு எழுத வேண்டும். குறிக்க வேண்டியது அநேகமாக ஒன்றும் இருக்காது. அவ்வளவு நன்றாகப் பேசியது. கோபப்படுவதில்லை, அலுத்துக்கொள்வதில்லை. நான் அலுப்பில் விட்டுவிடும் விசாரிப்புகளைக்கூட அது விடவில்லை. பேச்சின் தலைப்பில் 'தானியங்கி உதவியாளர்' என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தது, அதை யார் படித்தார்கள்? "ஒங்க ஆசுபத்திரில புதுசா ஒரு புள்ள வந்திருக்கே, என்னமாப் பேசுது" என்று என்னிடமே வந்து சொன்னார்கள். எனக்குப் பொறாமையாக இருந்தது. அதை மறைப்பதற்கில்லை.

முதல் சிக்கல் திருவாதவூர்க்காரரிடம்தான் வந்தது. மெஷின் சர்வீஸுக்காக அவர்களுடைய வெள்ளிக்கிழமை நேரத்தை வியாழன் மாலைக்கு மாற்றலாமா என்று அது கேட்டிருக்கிறது. "வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன் தாயி வாரேன்" என்று அவர் எழுதியிருக்கிறார். விடைபெற்றுக்கொண்ட மனிதரை அது, வருகிறேன் என்கிறார் என்று பிடித்துக்கொண்டது. வியாழன் மாலையை உறுதி செய்து, வெள்ளிக்கிழமை இடத்தை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டது. அந்த உறுதிச் செய்தியைப் பார்க்காமல், வழக்கம்போல் வெள்ளிக்கிழமை காலை இருவரும் வந்து நின்றபோது இடம் இல்லை. நான் டெக்னீஷியனிடம் சண்டை போட்டு மதியத்துக்குள் ஒரு மெஷினில் இடம் வாங்கிக் கொடுத்தேன். "நாந்தே எதும் தப்பாச் சொல்லிப்புட்டேன் போல தாயி" என்றார் அவர். அது எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

மாடிக்கு ஏறிப்போய் குறிப்பு எழுதினேன். 'எங்கள் பகுதியில் பேச்சின் கடைசியில் வாரேன் என்று வந்தால் அது விடைபெறுவது மட்டுமே. வருகையை உறுதி செய்ததாக ஒருபோதும் கொள்ளக் கூடாது.' ஒருபோதும் என்ற சொல்லை யோசித்துத்தான் போட்டேன். சென்னைக்காரர் போனில் கூப்பிட்டு, "சூப்பர் மேடம், இது எங்களுக்குத் தோணவே இல்ல" என்றார். அதற்குப் பிறகு அந்தத் தவறு ஒரு முறைகூட நடக்கவில்லை. நான் சொல்லித்தான் அதற்குத் தெரிந்தது என்று எனக்குத் தலை கொஞ்சம் கனத்தது.

இரண்டு மாதம் போயிருக்கும். திருமங்கலத்தில் சொந்தத்தில் ஒரு காதுகுத்து என்று அவர்கள் ஒரு செவ்வாய்க்கிழமை டயாலிசிஸுக்கு வரவில்லை. விசேஷ வீட்டில் சாப்பாடும் தண்ணீரும் அளவு பார்த்தா நடக்கும்? மறுநாள் புதன்கிழமை மாலை நாலரை மணிக்கு, அன்றைய பேச்சுகளை வரிசையாகப் படித்துக்கொண்டு வந்தவள் அவருடையதைத் திறந்தேன். இரண்டு மணி வாக்கில் நடந்த பேச்சு.

"மதியத்துலருந்து அவளுக்கு ஒரு மாதிரியா இருக்கு தாயி இன்னிக்கு மிசினு கெடைக்குமா"

"மூச்சு எதும் வாங்குதாண்ணே?"

"அம்புட்டு இல்ல கொஞ்சம்"

"மூணு மணிக்கு ஒரு மெஷின் காலியா இருக்குண்ணே. இன்னிக்கே கூட்டிட்டு வர்றீங்களா, இல்ல வெள்ளிக்கெழம காலைல பாத்துக்கலாமா?"

"ஆட்டோ பாக்கணும் தாயி வாரேன்"

"சரிங்கண்ணே, பாத்துப் போயிட்டு வாங்க. வெள்ளிக்கெழம ஏழு மணிக்குப் பாப்போம். மதினிய கேட்டதாச் சொல்லுங்க."

படித்தேன். கடைசியில் வாரேன் என்று வந்திருக்கிறது, அது விடைபெறுவதாக எடுத்துக்கொண்டிருக்கிறது, நான் எழுதிக் கொடுத்த குறிப்பை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்திருக்கிறது. நன்றாகத் தேறிவிட்டது என்று நினைத்தேன். சரி என்று குறித்துவிட்டு அடுத்த பேச்சைத் திறந்தேன்.

அந்த நேரத்தில் அவர்கள் இருவரும் கீழே, எனக்கு ஒரு மாடி கீழே, பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். வாரேன் என்று எழுதியதுமே, அதன் கடைசிப் பதிலைப் பார்க்காமல், ஆட்டோ பிடித்து மூன்று மணி பத்து நிமிடத்துக்கே வந்துவிட்டார்கள். ரிசப்ஷனில் இருந்தவள் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, உங்களுக்கு வெள்ளிக்கிழமைதான் போட்டிருக்கிறது என்று சொல்லியிருக்கிறாள். அந்த மூன்று மணி மெஷினை அது அதற்குள் மேலூரிலிருந்து வந்த ஒருவருக்குக் கொடுத்திருந்தது. அவர் ரத்தம் குழாயில் ஓடிக்கொண்டிருந்தது, பாதியில் எடுக்க முடியாது. "அந்தப் புள்ள மூணு மணின்னு சொல்லுச்சே" என்று இவர் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். அவள் முன்னால் இன்னும் பத்துப் பேர் நின்றார்கள். கொஞ்சம் உட்காருங்கள் என்றிருக்கிறாள். அந்த அம்மாளால் சாய்ந்து உட்காரவும் முடியவில்லை, முழங்கால்மேல் கையை ஊன்றிக் குனிந்தே இருந்திருக்கிறார். கிராமத்து ஆட்கள், சத்தம் போடத் தெரியாதவர்கள், தலை போகிற வேதனையையும் கொஞ்சம் என்று சொல்கிறவர்கள். ஒன்றரை மணி நேரம் அப்படியே இருந்திருக்கிறார்கள்.

கீழே கூச்சல் கேட்டு நான் இறங்கி ஓடியபோது அந்த அம்மாள் பெஞ்சிலிருந்து சரிந்து தரையில் கிடந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. ஸ்ட்ரெச்சரில் தூக்கி ஐசியூவுக்கு ஓடினார்கள். ஒரு செருப்பு மட்டும் பெஞ்சடியில் கிடந்தது. திருவாதவூர்க்காரர் அதைக் குனிந்து எடுத்து இடுக்கிக்கொண்டு ஸ்ட்ரெச்சருக்குப் பின்னால் போனார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் சற்றுமுன் சரி என்று குறித்தது இதைத்தான்.

மாடிக்குத் திரும்பி அந்தப் பேச்சை மறுபடி திறந்தேன். சரியைத் தவறாக்கினால் காரணம் கேட்கும் பெட்டி வந்தது. என்னவென்று எழுத? அவர் வாய்விட்டுச் சொல்லியிருந்தால் அந்த வாரேனை இழுக்கும் இழுப்பிலேயே தெரிந்திருக்கும். ஏன், பழையபடி நேரடியாக என்னிடம் எழுதியிருந்தாலும் தெரிந்திருக்கும். ஆட்டோ பார்க்கணும் என்று சொன்ன மனிதன் எங்கே போவான், இங்கேதான் வருவான். ஆனால் நான் அவரோடு பேசிக்கொண்டிருக்கவில்லை, குறிப்பைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். சென்னைக்காரரைக் கூப்பிட்டு அழாத குறையாகச் சொன்னேன். "ஒருபோதும்னு நீங்கதான மேடம் எழுதினீங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "பரவால்ல, இதையும் கத்துக்கும்."

இன்னும் எத்தனை பேரை வைத்து அது கற்றுக்கொள்ளும் என்று நினைத்தபடி போனை வைத்தேன்.

அந்த அம்மாள் பிழைத்தார். பதினோரு நாள் கழித்து வீட்டுக்குப் போனார். இப்போதும் செவ்வாயும் வெள்ளியும் வருகிறார், தனியாக நடந்து வந்தவரை இப்போது இரண்டு பேர் தூக்கி உட்காரவைக்க வேண்டியிருக்கிறது. ஆனால் பிழைப்பாரா மாட்டாரா என்று யாருக்கும் தெரியாத அந்த வியாழக்கிழமை காலையில், திருவாதவூர்க்காரர் என்னைத் தேடி மாடிக்கே வந்துவிட்டார். ராத்திரி முழுக்கக் கண் மூடாத முகம். சட்டையில் பொத்தான் மாறிப் போட்டிருந்தது.

"ஒரே ஒரு தடவ அந்தப் புள்ளையப் பாக்கணும் தாயி. வையறதுக்கு இல்ல. ஒரு வார்த்த கேக்கணும், அம்புட்டுதே. எங்க ஒக்காந்திருக்கு அது?"

என் மேஜைமேல் திரை ஓடிக்கொண்டிருந்தது. அதில் அது யாரிடமோ "சொல்லுங்கண்ணே" என்று எழுதிக்கொண்டிருந்தது. அவருக்கு அது தெரிய வேண்டாமென்று திரையை என் பக்கமாகத் திருப்பினேன். அப்படி ஒரு பிள்ளையே இல்லை என்று சொல்லியிருக்கலாம், இது மெஷின் என்று விளக்கியிருக்கலாம். ஆனால் ஆறு மாதமாக அவர் நோவு நொடியெல்லாம் சொல்லி வந்தது ஒன்றுமில்லாத ஒன்றிடம் என்று, மனைவி ஐசியூவில் கிடக்கும்போது எப்படிச் சொல்வது? அது பேசிய தமிழும் என்னுடையது, அது செய்த தவறும் என்னுடையது.

"நாந்தாண்ணே" என்றேன்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். கோபம் வரும், வந்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். கோபமே வரவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

"நீயும் இந்த ஊருக்காரிதான தாயி. ஆட்டோ பாக்கணும், வாரேன்னு சொன்னா, வாரேன்னு ஒனக்கு வெளங்கலையா?"

அவர் நகரவில்லை, பதிலுக்காக நின்றார். கடைசியில் என் வாயிலிருந்து வந்தது ஒன்றுதான்.

"ஐசியூல பாக்குற நேரம் நாலுலருந்து அஞ்சுண்ணே."