டிரசர் கொடுத்த தண்ணீர்

மலேசியாவில் பத்து காஜா ஊர்ப் பக்கம் எங்கள் ரப்பர் எஸ்டேட் ஆஸ்பத்திரியில், டாக்டருக்கு அடுத்தபடியாக மருந்து கொடுத்துக் கட்டுப்போட இருந்த டிரசரை எனக்குக் கண்டாலே ஆகாது. யாழ்ப்பாணத்துக்காரர். இஸ்திரி கலையாத வெள்ளைக் கால்சட்டை. பால்மரம் வெட்டுகிற எங்களைத் தொட்டால் உடனே சோப்புப் போட்டுக் கை கழுவுவார்.

எழுபதுகளில் அப்பாவுக்கு ஈரலில் புற்றுநோய். வயிற்றில் நீர் கோத்து மூச்சு முட்டியது. பெரிய டாக்டர் கைவிரித்துவிட்டார். டிரசர்தான் அடிவயிற்றில் ஊசி இறக்கி, மஞ்சள் நீரைக் குழாய் வழியே வாளியில் வடித்தார். முக்கால் வாளி. அப்பாவுக்கு மூச்சு சீரானது.

"தண்ணி" என்றார் அப்பா. டிரசர் கோப்பை நிறையக் கொடுத்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இப்பத்தான எடுத்தீங்க, மறுபடியும் ஊத்துறீங்களே! நாங்க ஒரு வாரமா நாக்க நனைக்க மட்டுந்தான் கொடுக்கிறோம்லா!"

அவர் கை கழுவியபடியே சொன்னார்: "மடையா, இது குடிச்ச தண்ணியில்லை. ஈரல் வருத்தம் ஊற வைக்கிற தண்ணி. குடுக்காட்டியும் ஊறும். உன்ர அப்பனை ஒரு கிழமையாத் தாகத்தில வதைச்சிருக்கிறாயேடா."

அப்பா இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்துக் குடித்தார். என் பக்கம் திரும்பவில்லை.

அந்த மனுசனை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை. வெளியே கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். அப்பா காதில் விழ ஏன் சொன்னார்?