மாசம் தவறுனவளோட மீன் கூடை

மீன் விக்கிறவளுக்குக் கழுத்துல பலம் வேணும், வாயில அதைவிட பலம் வேணும். என்னை மாதிரி மாசம் ஒழுங்கா வராத பொம்பளையா இருந்தா, தோலும் கொஞ்சம் தடிமனா இருக்கணும். இப்போ உங்களுக்கெல்லாம் பி.சி.ஓ.டி.ன்னு சொல்லிக்க ஒரு பேராவது கீது. எழுபதுகள்ல எங்க திருவொற்றியூர் குப்பத்துல அதுக்கு ஒரே பேரு, "அஞ்சலைக்குக் கோளாறு".

கல்யாணமாகி வருஷங்க ஓடியும் குழந்தை இல்ல. மாசம்னு வர்றது எப்பவாவது எட்டிப் பாக்கும். என் புருஷன் ஏழுமலைக்கு ரெண்டாந்தாரமா ஒருத்தியக் கட்டி வைக்க மாமியார் கிளம்பிடுச்சு. பொண்ணு யாருன்றீங்க? எங்க தெருவுலயே இருந்த படகுக்காரர் முனுசாமியோட பொண்ணு. "மொதல் பொண்டாட்டிக்குக் குழந்தை பொறக்காதுன்னா தான் குடுப்பேன்"னு அந்த ஆளு கறாரா சொல்லிட்டாரு. தெனமும் அந்த வூட்டு வாசல் வழியாத்தான் நான் கூடைய தூக்கிக்கினு போவணும். வயிறு எரியாதா?

ஊறுகாய் மாங்கா

டோல்கேட்டாண்ட எனக்கு வாடிக்கையா ஒரு ரயில்வேக்காரர் சம்சாரம். என் உடம்பு போட்டிருக்கிறதப் பாத்து, "தலைக்குக் குளிச்சு எவ்ளோ நாளாச்சு?"ன்னு கேட்டாங்க. நாலு மாசம்னு உண்மைய சொல்லித் தொலைச்சேன். அவ்ளோதான், அந்தம்மா மூஞ்சி மலர்ந்துடுச்சு. உப்புல ஊறின மாங்கா, நெல்லிக்கான்னு போறப்போல்லாம் கையில திணிப்பாங்க. பேரம் பேசுறதையே நிறுத்திட்டாங்க.

இல்லம்மான்னு சொல்ல வாய் வரைக்கும் வரும். வாயில மாங்காய வச்சுக்கினு எப்படி சொல்றது? அது மட்டுமில்ல, ஒருவேளை இருக்குமோன்னு எனக்கும் ஒரு நப்பாசை. மாசம் மேல மாசம் போச்சு, வயிறு மட்டும் அதே வயிறு. ஒரு நாள் கூடைய எறக்குனதும் அந்தம்மா என்னை மேலயும் கீழயும் பாத்தாங்க.

"ஏன்டி அஞ்சலை, உள்ள இருக்கிறது குழந்தையா, யானைக்குட்டியா?"

முன்னாடி நிக்கிறவ

மோவாயில முடி மொளைக்கிற கஷ்டம் பட்டவங்களுக்குத்தான் தெரியும். மஞ்சள் பூசிப் பாத்தேன், சாம்பலத் தொட்டுக்கினு ஒண்ணொண்ணா இழுத்துப் பிடுங்கிப் பாத்தேன். அது பாட்டுக்கு மறுபடியும் வரும். யாவாரத்துல உக்காந்தா முந்தானையால மோவாய மூடிக்கினே பேசுவேன்.

விம்கோ நகர்ல தொழிற்சாலை விடுற நேரத்துக்கு ரோட்டோரமா கூடைய எறக்குவோம். போலீஸ்காரர் ஒருத்தர் லத்தியால கூடையத் தட்டி விரட்டுவாரு. அன்னிக்கு அவரு தூரத்துல வர்றப்பவே, கூட விக்கிற ராஜாத்தி என் முந்தானைய வெடுக்குனு கீழ இழுத்து வுட்டா. அவ சொன்னதுக்கு அங்க எல்லாரோடயும் சேந்து சிரிச்சுட்டேன். வூட்டுக்கு வந்துதான் அழுதேன்.

"நீ முன்னாடி போய் நில்லுக்கா, ஒனக்கும் அவருக்கும் மீசை சரிக்கு சரி கீது."

டாக்டரம்மா கேட்ட கேள்வி

கடைசியில ராஜாத்தி தான் என்னை சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கினு போனா. அப்போ ஸ்கேன் கீன் ஒண்ணும் கிடையாது. டாக்டரம்மா கையால சோதிச்சுப் பாத்தாங்க, ரத்தம் எடுத்தாங்க, மோவாயக் கூட திருப்பிப் பாத்தாங்க. "சினைப்பையில முட்டை முத்தி வெளிய வராம உள்ளயே சின்னச் சின்ன கட்டியா நின்னுடுது. இது உன் தப்பு இல்லம்மா"ன்னாங்க. அத்தினி வருஷத்துல அந்த வார்த்தைய எனக்கு ஒருத்தரும் சொன்னதில்ல. அவங்க முன்னாலயே பொலபொலன்னு அழுதுட்டேன்.

மாத்திரை எழுதிக் குடுத்து, உடம்பக் கொறைக்கணும், நல்லா நடக்கணும்னு சொன்னாங்க பாருங்க, அதுல எனக்குக் கோவம் வந்துடுச்சு. "இன்னாம்மா, ஊரு பூரா கூடைய சொமந்துக்கினு நடக்கிறவளப் பாத்து நடன்றியே!" அவங்க அசரல. வழியில இன்னா துன்றேன்னு கேட்டாங்க. பாக்குற டீக்கடையிலல்லாம் சக்கரை தூக்கலா ஒரு டீ, ஒரு பன்னுன்னு சொன்னேன்.

"நடக்கிறது சரிம்மா, டீக்கடைய நடந்து தாண்டணும்."

புது வலை

தாண்டினேன். பல்லக் கடிச்சுக்கினு தாண்டினேன். ராத்திரி சோத்துக்குப் பதிலா கேழ்வரகுக் கூழு. மாத்திரைக்கு மாசம் வந்துச்சு, தெரிஞ்சும் மாமியார் அதை வெளிய மூச்சு வுடல. அப்புறம் டாக்டரம்மா மாத்திரைய நிறுத்திட்டு, தானா வருதான்னு பாக்கலாம்னாங்க. அதுக்குள்ள மாமியார் தாம்பூலம் மாத்த நாள் குறிச்சுடுச்சு. ஏழுமலையக் கேட்டா கூரையப் பாக்குது, வாயில்லாத மனுஷன்.

எங்க குப்பத்துல தூரமான பொம்பளை, அதான் மாசம் வந்தவ, வலையத் தொடக்கூடாது. புது வலைக்குக் கற்பூரம் காட்டித் தொட்டுக் குடுக்கிறது படகுக்காரர் சம்சாரம். அவங்க தூரம்னா என்னைத்தான் கூப்பிடுவாங்க. புள்ள இல்லாதவன்னு வளைகாப்புல ஓரமா நிறுத்துறவங்களுக்கு, வலைக்கு மட்டும் நான் எந்நாளும் சுத்தம்! அன்னிக்கு முனுசாமி வூட்லயும் அதே கதை. தன் பொண்ண எனக்குச் சக்களத்தியா அனுப்பப் போறவரு, கூசாம எங்க வாசல்ல வந்து நின்னுக்கினு, "அஞ்சல, வந்து வலையத் தொட்டுக் குடும்மா"ன்றாரு. இன்னா நெஞ்சழுத்தம் பாருங்க.

விடிகாலையில தான் எனக்கு வந்திருந்துச்சு. மாத்திரை இல்லாம, தானா. மாமியாருக்குக் கூட இன்னும் சொல்லல. "நான் தூரம் நைனா!"ன்னு தெருவுக்கே கேக்குற மாதிரி கத்துனேன். மாமியார் புடைச்சுக்கினு இருந்த முறத்த அப்படியே கீழ வச்சுடுச்சு. முனுசாமி மாமியாரப் பாத்தாரு, ஏழுமலையப் பாத்தாரு, தோள்ல கிடந்த துண்ட ஒதறிப் போட்டுக்கினாரு.

"சரிம்மா, வலைக்கு வேற ஆளப் பாத்துக்கிறேன், எம் பொண்ணுக்கும் வேற எடம் பாத்துக்கிறேன்."

தூரமானதுக்காக, தலைக்குக் குளிச்ச கையோட சாமிக்குத் தேங்கா ஒடச்சவ, அந்தக் கரையிலயே நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்.