புரா அடிக்கும் பக்கம்

முதலில் விரல் நகத்தால் ஓர் இழுப்பு, பிறகு கரண்டியின் முதுகால் ஓர் அழுத்து. அப்போதுதான் மடிப்பு படியும். வெட்டிய காகிதத் துண்டுகளின் ஓரத்தில் பசை தடவி, ஒன்றன்மேல் ஒன்று மயிரிழை ஏறும்படி ஒட்டி, முன்னும் பின்னுமாக மடித்துக்கொண்டே போயின அந்தக் கைகள். விரித்தால் சமையலறை மேசையிலிருந்து வாசல்வரை ஓடும். மடித்தால் சட்டைப்பையில் அடங்கும். அதில் இருந்தது ஒரே ஒரு சாலை. அதன் வலப்புறம் முழுக்க நீலம்.

"சாப்பாட்டு மேசையில கடலைக் கொண்டுவந்து கொட்டியிருக்க. நான் சூப்பை எங்க வச்சுக் குடிக்கிறது, தலைமேலயா?" என்றான் யோசோ.

"மக்கர்ஸ்கா ஊர்கிட்ட பசை இன்னும் ஈரமா இருக்கு. முழங்கையை எடு" என்றாள் அவன் மனைவி நெவென்கா.

சென்ய் அவள் பிறந்து வளர்ந்த கடலோர ஊர். வெலெபித் மலை அதன் முதுகில் ஏறி உட்கார்ந்திருக்கும். அந்த மலையிலிருந்து இறங்கும் வாடைக்காற்றுக்குப் புரா என்று பெயர். லாரியைக் கவிழ்க்கும், கூரை ஓட்டைப் பறக்கவிடும், வாயில் வைத்த சிகரெட்டைப் பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும். இளமை முழுவதும் நெவென்கா சாலைப் பராமரிப்பு அலுவலகத்தில் தொலைபேசி எடுத்தாள். "சாலை திறந்திருக்கா?" என்று கேட்பார்கள், அவள் பதில் சொல்வாள். மூடியிருந்தால், மாட்டிக்கொண்டவர்கள் வேறு கேள்விகளைத் தொடங்குவார்கள். நல்ல மீன் எங்கே சுடுகிறார்கள், வாந்தி எடுக்கும் பிள்ளையை எங்கே இறக்கிக் காற்று வாங்க வைப்பது, சூரியன் விழுவதை எங்கே நின்று பார்ப்பது. தெரியாததை லாரிக்காரர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு சொன்னாள். இப்படியே வளைவு வளைவாக அந்தக் கரை முழுவதும் அவளுக்கு மனப்பாடமாயிற்று.

சாலை வேலைக்காரர்கள் பழுது பார்க்கும் சாலையை நீளப் பட்டையாக வரைந்து வைத்துக்கொள்வார்கள். நெவென்கா அந்த முறையை எடுத்துக்கொண்டாள். வேலையை விட்ட பிறகு, சொந்தக் காரில் கரையோரமாக விடுமுறை போகிறவர்களுக்கு எங்கே நிற்பது, எங்கே தூங்குவது என்று பட்டை போட்டுக் கொடுப்பதே அவள் தொழிலாயிற்று.

அதில் அவள் மாற்றாத விதி ஒன்று இருந்தது. வடக்கிலிருந்து தெற்கேதான் போகவேண்டும். அந்த நாட்டில் வண்டிகள் சாலையின் வலப்புறமாக ஓடும், ஓட்டுபவர் இடப்புறம் உட்கார்வார். அப்போது கார் கடலை ஒட்டிய தடத்தில் ஓடும்; வலப்புறம் உட்கார்ந்திருப்பவர் மடியில் கடல் வந்து விழும். திரும்பி வருவதற்கு மலைக்குப் பின்னால் விரைவுச்சாலை இருக்கிறது, பொந்து பொந்தாகச் சுரங்கம். அந்த வழியில் பார்க்க ஒன்றுமில்லை. அவளும் அப்படித்தான் எப்போதும் வீடு திரும்புவாள்.

இப்போது ஒட்டிக்கொண்டிருந்த பட்டை பிளாஷ் என்பவருக்கு. கிழக்குச் சமவெளியில் ஓசியெக் பக்கத்துக் கோதுமை விவசாயி. கல்யாணத்தின் வெள்ளிவிழாவுக்கு மனைவிக்குக் கடல் காட்ட வேண்டும் என்று கேட்டிருந்தார். நிற்கும் இடங்களையெல்லாம் குறித்து, முதல் படியை முன்னமே தபாலில் அனுப்பியிருந்தாள் நெவென்கா.

யோசோ சூப்பை நின்றபடியே குடித்து முடித்தபோது தொலைபேசி அடித்தது.

"நெவென்கா அம்மாங்களா? நான் ரூஷா, பிளாஷோட சம்சாரம். நாங்க வரலைங்க."

"ஏங்க, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு என்ன, ஏர்க்குதிரை மாதிரி இருக்கு. நீங்க அனுப்பின காகிதத்தைத்தான் பார்த்தேன். வண்டி நிக்கிற எடத்துலல்லாம் புரா, புரா, புரான்னு எழுதியிருக்கீங்க. அது லாரியைத் தூக்கிப் போடறதை டிவியில பார்த்திருக்கோம். எங்க கார் சோளப்பொரிங்க. வெள்ளிவிழாவுக்கு எங்களைச் சாகவா கூப்பிடறீங்க?"

நெவென்கா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். "ஐயோ, அது காத்து இல்லைங்க, பக்கம்! புரா பக்கம்னா மலைப் பக்கம். யூகோ பக்கம்னா கடல் பக்கம், அங்கேருந்துதான் யூகோக் காத்து வரும். புரா பக்கம் நிறுத்துங்கன்னா மலை ஓரமா நிறுத்துங்கன்னு அர்த்தம்."

"அப்ப மலைன்னு எழுத வேண்டியதுதானே?"

சென்யில் அத்திமரம் வீட்டுக்குப் புரா பக்கம் நிற்கும். கட்டிலில் புருஷன் யூகோ பக்கம் படுப்பான். மேசையில் உப்பைக் காணோம் என்றால் "ரொட்டிக்குப் புரா பக்கம் பார்" என்பார்கள். உலகத்தில் யாருக்காவது இது புரியாமல் போகும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

மறுமுனையில் ரூஷா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"காத்து ஒரு சாக்குங்க. எங்க ஊர்ல உசரம்னா வைக்கோல் போருதான். ஒரு தடவை கோயில் மணிக்கூண்டுல ஏறிட்டு எறங்க முடியாம, ஆளுங்க வந்து மூட்டை மாதிரி தூக்கிட்டு எறங்கினாங்க. கோதுமை காத்துல ஆடறப்பல்லாம் 'கடல் மாதிரி இருக்கு'ம்பாங்க. எது மாதிரின்னு பார்க்கணும்னு எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா? ஆனா உங்க காகிதத்துல பள்ளம் என் கதவுக்குக் கீழேயே வருது, மொத வளைவுலேருந்து கடைசி வரைக்கும். அவர்கிட்ட சொல்லிடாதீங்க. காரையெல்லாம் கழுவி வச்சிருக்கார். காத்துன்னு சொன்னா மனசு ஆறிடுவார்."

"கொஞ்சம் பொறுங்க. இன்னும் இல்லைன்னு சொல்லிடாதீங்க" என்றாள் நெவென்கா.

தொலைபேசியை வைத்துவிட்டு மேசைக்கு வந்தாள். பட்டையைத் தலைகீழாகத் திருப்பினாள். நீலம் இடப்பக்கம் வந்தது. தெற்கிலிருந்து வடக்கே வந்தால் ரூஷாவின் கதவுக்கு வெளியே பள்ளம் இருக்காது, பாறை இருக்கும். எந்தச் சொல்லுக்கு அவள் நடுங்கினாளோ, அந்தப் புரா பக்கம்தான் அவளுக்கு உகந்த இடம்.

"தெக்கேருந்து வடக்கயா?" என்றான் யோசோ. "அந்தப் பக்கமா வர்றது காலி பஸ்ஸும் நாடு கடத்தினவனும்தான்."

"அதை விடு. எங்க தொடங்கறது? எந்த வழியா வந்தாலும் கடல் மொதல்ல மலை உச்சியிலேருந்துதான் தெரியும். அங்கேயே கண்ணை மூடிக்குவா."

"அப்ப என் அத்தை மவன் ஊருக்கு அனுப்பு. நெரெத்வா ஆத்து முகத்துவாரத்துல வயல் எங்க முடியுது, கடல் எங்க ஆரம்பிக்குதுன்னு அவனுக்கே தெரியாது. கொசுவைக் கேட்டாத்தான் தெரியும்."

கிண்டலாகத்தான் சொன்னான். நெவென்கா அவன் தலையைப் பிடித்து உச்சியில் ஒரு முத்தம் வைத்தாள்.

இருவரும் விரைவுச்சாலை வழியாகத் தெற்கே இறங்கினார்கள். அத்தை மகன் தோட்டத்து மாண்டரின் ஆரஞ்சு இன்னும் பச்சையாகவே இருந்ததால், வெறும் பெட்டிகளோடு முகத்துவாரத்திலிருந்து கரைச்சாலையைப் பிடித்தார்கள். யோசோ ஓட்டினான். நெவென்கா ரூஷா உட்காரப்போகும் வலப்புற இருக்கையில் உட்கார்ந்து, பள்ளம் தன் பக்கம் வரும் இடங்களைக் குறித்துக்கொண்டே வந்தாள். பாலங்களில் மட்டும்தான் வந்தது.

கார்லோபாக் ஊரைத் தாண்டியதும் பென்சில் நின்றுவிட்டது. ஊர் உலகத்துக்கெல்லாம் கடலைக் காட்டிய கண், இந்த மலையை நிமிர்ந்து பார்த்ததே இல்லை. கதவுக்கு ஒரு முழம் தள்ளி வெள்ளைச் சுவர் கிளம்பி, மேலே மேலே போய், தலையை எவ்வளவு சாய்த்தாலும் முடியாமல் மேகத்துக்குள் ஏறியது. மறுபுறம், யோசோவின் தோளுக்கு அப்பால், லேசான புராவில் கடல் புகைந்தது. காற்று நீரைச் சீவிச் சீவி வெண்தூளாக்கித் தீவுகள்மேல் எறிந்தது. உப்புத் தின்று புல் முளைக்காத பாக் தீவு, எலும்பு நிறத்தில் கிடந்தது. அதற்குப் பின்னால் ராப், அதற்கும் பின்னால் இன்னொன்று. காற்று துடைத்துவைத்த தெளிவில் ஒவ்வொரு கல்லும் எண்ணலாம் போலிருந்தது. தெற்கே போகும்போது ஒவ்வொன்றாகப் பின்னால் நழுவும் அதே தீவுகள், இப்போது எழுந்து எதிரே நடந்து வந்தன.

"நிறுத்து" என்றாள்.

பாறை ஓரத்தில் நிறுத்தினான். இருவரும் இறங்கி முதுகைக் கல்லில் சாய்த்து நின்றார்கள். வாய் ஓயாத யோசோ தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான்.

"எத்தனை வருஷமா இங்கேயே கெடக்கோம்" என்றான் கடைசியில்.

நெவென்கா உள்ளங்கையையும் கல்லில் பதித்தாள். அந்தக் கல் சூடாக இருந்தது. முதுகுக்குள் எதுவோ மெல்ல அதிர்வதுபோல இருந்தது. மலையா, தன் நெஞ்சா என்று அவளுக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து பட்டையை முதலிலிருந்து வரைந்தாள். வடக்கு மேலே, கடல் இடப்பக்கம். காற்றின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. மலைப் பக்கம், கடல் பக்கம் என்றே எழுதினாள். பாலம் வரும் இடங்களில், ரூஷாவின் சம்மதம் கேட்டுக்கொண்டு: "இங்கே கண்ணை மூடிக்கொள்ளலாம். மறுகரை வந்ததும் பிளாஷ் சொல்வார்."

முகத்துவாரம் வரைக்கும் வருவதாக ரூஷா ஒப்புக்கொண்டாள். அதற்கு மேல் போவதா திரும்புவதா என்பதை அங்கே நின்றுதான் சொல்வாளாம். மாண்டரின் பழுத்திருந்ததால் யோசோவுக்கும் நெவென்காவுக்கும் அங்கே போக வேலை இருந்தது.

தோட்டங்களுக்கு நடுவே மண்பாதையில் பிளாஷின் நீலக் கார் ஆடி ஆடி வந்து நின்றது. கனத்த உடம்புக்காரி ஒருத்தி இறங்கினாள். இறங்கியவள் யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. எதிரே தரையைப் போலவே தட்டையாக நீர் பரந்து கிடந்தது, ஒரு படிகூட இறங்காமல். தூரத்தில் எதிர்க்கரைக் குன்றுகள் நிழலாகத் தெரிந்தன. அவள் நேராக அதற்குள் நடந்தாள்.

"ஷூவைக் கழட்டுடி!" என்று கத்தினார் பிளாஷ். அவள் காதில் விழவில்லை. நடந்துகொண்டே இருந்தாள், நீர் முழங்காலைத் தாண்டவே இல்லை. சிறுமியைப்போல ஆகிக்கொண்டே போன அவள் உருவம் ஓரிடத்தில் நின்றது. வெகுநேரம் நின்றது. பிளாஷும் கத்துவதை நிறுத்திவிட்டார்.

திரும்பி வந்தபோது அவள் முகம் கழுவி விட்டதுபோலிருந்தது.

"அந்தக் குன்றுக்கு அப்பால என்ன?" என்று நெவென்காவைக் கேட்டாள்.

"கடல்தான்."

"இதுக்கு மேலயுமா?"

"இது வாசப்படிதான்."

ரூஷா வடக்கே பார்த்தாள். சாலை போய் மறையும் இடத்தில் மலை சாம்பல் நிறத்தில் எழுந்து நின்றது.

"இந்தப் பக்கமா நீங்க போயிருக்கீங்களா?"

"ஒரே ஒரு தடவை. உங்க சீட்டுல உக்காந்து."

"பயமா இருந்துச்சா?"

"பேச்சு வரலை."

"பயத்துலயா?"

"இல்லைம்மா. கையை நீட்டினா தொடலாம் போல பாறை. அது பாட்டுக்கு வானம் வரைக்கும் போவுது. என்னன்னு சொல்றது உங்களுக்கு."

ரூஷா கணவரைப் பார்த்தாள். அவர் வேண்டுமென்றே மாண்டரின் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஈரக் கைகளைப் பாவாடையில் இரண்டு பக்கமும் துடைத்துக்கொண்டு, சேர்த்து நீட்டினாள்.

நெவென்கா பட்டையை எடுத்து, முகத்துவாரம் வரைந்த மடிப்பு மேலே வரும்படி திருப்பி, அந்தக் கைகளில் வைத்தாள்.