கால்மாட்டுக்கு வந்த சூடு

டிக், டிக், டிக். வேலையிடத்தில் பிரதி எடுக்கும் இயந்திரத்துக்குள் தாள் சிக்கும்போதெல்லாம் ஏதோ ஒரு சின்னப் பற்சக்கரம் இப்படித்தான் தன் தலையில் தானே குட்டிக்கொள்ளும். மற்றவர்கள் மூடியைத் திறந்து தாளை இழுப்பார்கள். நான் குனிந்து என் கால்களைப் பார்ப்பேன், சூடு வருகிறதா என்று.

எனக்கு அது காரின் சத்தம். அந்த மாரியில் எங்கள் காருக்குப் பன்னிரண்டு வயது. கண்ணாடிக்குச் சூடு ஊதும், முகத்துக்கு ஊதும், கால்மாட்டுக்கு மட்டும் ஊதாது. காலுக்கென்று இருக்கிற பொத்தானை அமர்த்தினால் டாஷ்போட்டுக்குப் பின்னால் டிக், டிக், டிக் என்று பத்துப் பன்னிரண்டு தடவை அடித்து ஓய்ந்துவிடும். இடுப்புக்கு மேலே வெயில்காலம், முழங்காலுக்குக் கீழே பனிக்காலம்.

"பல்லி சொல்லுது," என்றாள் மனைவி, முதன்முதலாகக் கேட்டபோது.

"ரொறன்ரோவிலை ஏதப்பா பல்லி?"

"ஏதோ ஒண்டு சொல்லுது. எனக்கு நல்லதாப் படேல்லை."

அவள் பயப்பட்டதற்குக் காரணம் இருந்தது. தனியாகக் கார் ஓட்ட அவளுக்கு ஜி-ரூ லைசென்ஸ் தேவை. வெக்ஸ்போர்ட்டில் இருக்கும் எங்கள் அப்பார்ட்மென்ட்டிலிருந்து மில்லிக்கனில் உள்ள முதியோர் இல்லத்துக்கு இரவு வேலைக்காக இரண்டு பஸ் மாறிப் போய், இரண்டு பஸ் மாறித் திரும்பி வந்துகொண்டிருந்தாள். பஸ் தரிப்பிடத்தில் பனி அவள் கண்ணிமையில் குந்தியிருக்கும். முதியவர்களை அவள் பார்த்துக்கொள்ளும் பக்குவத்தைக் கண்ட இல்லத்து மேலாளர் ஒரு நல்ல வேலை தருவதாகச் சொல்லியிருந்தார். முதியவர்களை அவரவர் வீட்டிலேயே போய்ப் பார்க்கும் வேலை, பகலில் மட்டும். கார் ஓட்டத் தெரிந்திருக்கவேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை. பெப்ரவரிக் கடைசிவரைக்கும் இடத்தைப் பிடித்து வைத்திருப்பார்கள்.

லைசென்ஸுக்காகக் கார் ஓட்டிக் காட்டும் ரெஸ்டில் அவள் இரண்டு தடவை தவறியிருந்தாள். கோடை தொடங்கும்போது முதல் தடவை, பார்க்கிங்கில். இரண்டாவது ஜனவரியில், பிரேக்கில். அன்று காரைவிட்டு இறங்கியவள் அழவில்லை. சப்பாத்தைக் கழற்றி, வெளிறிப்போயிருந்த விரல்களை எனக்குக் காட்டினாள்.

"கால் எங்கை இருக்குதெண்டே தெரியேல்லை. மிதிக்கிறன் எண்டு நினைச்சன். மிதிபடேல்லை. பிறகு எல்லாத்துக்கும் சேர்த்து மிதிபட்டுப்போச்சு."

குளிர் பட்டால் அவளுக்கு விரல்கள் மரத்துவிடும். பூட்ஸ் போட்டு ஓட்டு என்று சொல்லலாம், சொன்னேன். அவளுடையது சின்னப் பாதம். பூட்ஸோ பெரிய ஓடம். பிரேக்கை மிதிக்கப் போனால் அதன் ஓரம் அக்சிலேற்றரையும் தொடும். மெல்லிய கன்வஸ் சப்பாத்துத்தான் அவளுக்குச் சரி. அதற்குக் கால்மாட்டில் சூடு வேண்டும்.

மூன்றாவது ரெஸ்ட் பெப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. அதுவரை என் வைத்தியம் அரிசி. இரண்டு கம்பளிக் காலுறையில் பச்சையரிசியைக் கொட்டி, முடிந்து, மைக்ரோவேவில் சுட வைத்து அவள் காலுக்கு அருகே போடுவேன். பத்து நிமிடம் தாங்கும். கார் முழுக்கப் பொங்கல் வீடு மாதிரி மணக்கும்.

"ரெஸ்ட் எடுக்கிறவர் ஏறியிருந்து, எப்ப சாப்பாடு எண்டு கேக்கப்போறார்," என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "அதோடை, பெடலுக்குக் கீழை உருண்டுதெண்டால் அண்டைக்கே கதை முடிஞ்சுது."

சனிக்கிழமை மில்லிக்கனில் கராஜ் வைத்திருக்கும் தெரிந்த அண்ணை ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் பொனற்றைத் திறந்து எஞ்சினுக்குப் பின்னால் போகும் இரண்டு குழாய்களையும் தொட்டுப் பார்த்தார். இரண்டும் சுட்டன. உள்ளே தலையை விட்டுப் பொத்தானை அமர்த்தி, காது கொடுத்துக் கேட்டார்.

"சூட்டிலை பிழையில்லைத் தம்பி. உள்ளுக்கை ஒரு சின்னக் கதவு இருக்கு. காத்தை மேலை விடுறதோ கீழை விடுறதோ எண்டு அதுதான் திருப்பிறது. அது திரும்புதில்லை. திருப்புற மோட்டர்தான் டிக் டிக் எண்டு கிடந்து அடிக்குது."

"நாளைக்குச் செய்யேலாதோ அண்ணை?"

"டாஷ்போட் கழட்டுறது கலியாண வீட்டுச் சமையல் மாதிரி, ஒருநாள் முழுக்க இழுக்கும். வாற வெள்ளிக்கு முதல் மூச்சுவிட நேரமில்லை. மனுசிக்குப் போர்வையைச் சுத்திவிடும்."

வெள்ளி! செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் நடுவே ஒரு பெண்ணின் பகல்கள் எல்லாம் கிடந்தன.

ஓரிடத்தில் இருக்கத் தெரியாதவன் நான். வீட்டில் எதைத் தொட்டாலும் அரைவாசியில் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகிறவன். அலமாரிகளை ஒதுக்குகிறேன் என்று தேவையானவற்றையும் எறிகிறவன். ஞாயிறு பின்னேரம் நான் கருவிப்பெட்டியோடு அப்பார்ட்மென்ட்டின் நிலத்தடிக் கார்த் தரிப்பிடத்துக்கு இறங்கியபோது, மனைவியும் கைவிளக்கோடு பின்னாலே வந்தாள், காரை என்னிடமிருந்து காப்பாற்ற.

"கழட்டுறதைத் திரும்பப் பூட்டுவியளோ?"

"நீர் லைற்றைப் பிடியும்."

முன்னாசனங்களுக்கு நடுவிலே, வானொலிக்குக் கீழே உள்ள பக்கத் தகட்டைக் கழற்றினேன். மல்லாந்து படுத்து, தலையைப் பெடல்களுக்குள் கொடுத்தேன். ஒரு காரை இவ்வளவு நாளும் ஓட்டியும் அதன் அடிவயிற்றைப் பார்த்ததில்லை. வயர்கள், கறுப்புக் குழாய்கள், நாங்கள் தின்று சிந்திய மிக்சர். முதல்நாள் இணையத்தில் தேடிப் பார்த்த வீடியோவில் காட்டிய இடத்தில் அந்த மோட்டர் இருந்தது, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. மூன்று திருகாணி. இரண்டு உடனே வந்தன. மூன்றாவதுக்கு முக்கால் மணித்தியாலம் போனது. அதற்குள் என் கழுத்து இறுகி, நான் தெரிந்த கெட்ட வார்த்தைகளை எல்லாம் சொல்லி முடித்து, தெரியாதவற்றை உண்டாக்கத் தொடங்கியிருந்தேன்.

"கோயில் வாசல்லை பூசை செய்த கார். வாயைக் கழுவுங்கோ," என்றாள் மேலேயிருந்து.

மோட்டர் கையோடு வந்தது. அதற்குப் பின்னால் ஒரு வெள்ளைப் பிளாஸ்ரிக் கை. அதைத் திருப்பினால் உள்ளே கதவு திரும்பவேண்டும். விரலால் தள்ளினேன். பாதி வழி பட்டுப்போலப் போனது. பிறகு எதிலோ கல்லில் முட்டினதுபோல் முட்டி நின்றது. திரும்பத் தள்ளினேன். அதே இடம், அதே முட்டு.

"உள்ளுக்கை என்னவோ கிடக்கு."

கைவிளக்கின் ஒளி என்னைவிட்டு விலகி டாஷ்போட்டின் மேல் ஏறியது.

"கேக்குதோ? கண்ணாடிப் பக்கத்து ஓட்டைக்குள்ளாலை என்னவோ விழுந்து கதவைப் பிடிச்சுக்கொண்டு நிக்குது."

"தேசிக்காய்," என்றாள் மிக மெதுவாக.

முதல் ரெஸ்டில் தவறிய கையோடு அவள் கோயிலுக்குப் போயிருந்தாள். அம்மன் காலடியில் வைத்த தேசிக்காய், எலுமிச்சம்பழம் ஒன்றை ஐயர் கொடுத்து, முன்சில்லுக்குக் கீழே வைத்து நசித்துவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறார். எல்லோரும் செய்வதுதான். அவளுக்கு மனம் வரவில்லை. சாமியின் காலில் இருந்ததைச் சில்லால் நசிப்பதா? டாஷ்போட்டின் மேல், கண்ணாடி ஓரமாக வைத்துவிட்டாள். கோடை முழுக்க அது அங்கேயிருந்து காய்ந்து, சுருங்கி, கறுத்து, பாக்கு மாதிரி இறுகியது. நானும் கண்டிருக்கிறேன். இலையுதிர்காலத்தில் ஒருநாள் காணவில்லை.

"என்னட்டைக் கேட்டிருக்கலாமே?"

"கேட்டால், ஓம், எறிஞ்சனான் எண்டு சொல்லுவியள். அதைக் கேக்கப் பயமாயிருந்தது." கைவிளக்கை மற்றக் கைக்கு மாற்றினாள். "நீங்கள் எறிஞ்சதாலைதான் இரண்டாந்தரமும் பெயில் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன்."

பெடல்களுக்குள் தலை கிடக்க, எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. கண்ணாடி ஓரத்துக் காற்றுத் துவாரத்தில் ஒரு பல்லு உடைந்திருந்தது. போனைக் கொழுவ ஒரு தாங்கி வாங்கி, அதைப் பூட்டுகிறேன் என்று நான் உடைத்த பல்லு. அந்த இடைவெளிக்குள்ளால்தான் தேசிக்காய் போயிருக்கவேண்டும். அவள் வைத்தாள், நான் வாசலைத் திறந்துவிட்டேன். மாதக்கணக்காக நாங்கள் இருவரும் அதன் மேல் வாயை மூடிக்கொண்டு குளிரில் ஓடித் திரிந்தோம்.

"நான் எறியேல்லை," என்றேன். "உதுக்குள்ளைதான் கிடக்குது. எடுப்பம்."

காலுக்குக் காற்று விடும் குழாயைக் கழற்றினேன். எனது கை மணிக்கட்டுக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. அவள் என்னைக் காலில் பிடித்து வெளியே இழுத்தாள், உண்மையாகவே இழுத்தாள். வளையல்களைக் கழற்றி என் சட்டைப்பையில் போட்டாள். தான் குனிந்து கையை விட்டாள். நான் கதவைத் திருப்பும் வெள்ளைப் பிளாஸ்ரிக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"படுது... உருளுது, பிடிபடுதில்லை. நீங்கள் கொஞ்சம் விடுங்கோ. விடுங்கோ எண்டுறன்! இப்ப தள்ளுங்கோ."

தள்ளினேன். முட்டு இல்லை. அந்தப் பிளாஸ்ரிக் கை என் விரலுக்குள் கடைசிவரை வழுகிப் போனது. அவளுடைய உள்ளங்கையில் தொப்பென்று ஒரு கறுப்பு உருண்டை.

அவள் அதை மூக்குக்குக் கொண்டுபோனாள். இன்னமும் மணத்தது.

எல்லாவற்றையும் திரும்பப் பூட்டினேன். ஒரு திருகாணிகூட மிஞ்சவில்லை, வேண்டுமென்றால் அவளைக் கேளுங்கள். மூடிய இடத்தில் எஞ்சினை ஓடவிடக்கூடாதென்று அவளே காரை வெளியே ஏற்றினாள். வானம் வெள்ளை, தெரு வெள்ளை. எஞ்சின் சூடாகும்வரை காத்திருந்தோம். பிறகு அவள் பொத்தானை அமர்த்தினாள்.

டிக் என்று ஒன்று. ஒன்றேதான்.

பிறகு வந்தது காற்று. முதலில் தூசி, பிறகு ஒரு வாடல் தேசிக்காய் மணம், பிறகு சூடு, கரண்டைக்காலில், குதியில், விரலிடுக்கில். அவள் சப்பாத்தை உதறினாள், காலுறையை உருவினாள். பத்து விரலையும் விரித்து ஆட்டினாள். நான் கூரையில் தட்டிக் கூவினேன். பனி வழித்துக்கொண்டிருந்த பக்கத்துக் கட்டடத்துக்காரர் திரும்பிப் பார்த்து, காரணம் தெரியாமலே கையை உயர்த்தினார். கையை உயர்த்தவேண்டிய நாள்தான் அது.

செவ்வாய்க்கிழமை காலை அவள் கறுத்துப்போன தேசிக்காயை முன்சில்லுக்குக் கீழே வைத்தாள். இந்தத் தடவை தயங்கவில்லை. கார் ஒரு அடி முன்னே போனது. படக்!

சோதனை நிலையத்தின் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்று இருபது நிமிடம் என் நகங்களைத் தின்றேன். கார் திரும்பி வந்தது. வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே, அளந்து வைத்தாற்போல், மெத்தென்று நின்றது. அந்த நிற்றலைக் கண்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. இறங்கிய அதிகாரி மேற்சட்டைப் பொத்தான்களைத் திறந்திருந்தார். முகம் சிவந்திருந்தது. உள்ளே அவ்வளவு சூடு.

பாஸ் என்று எழுதிய தாளைக் கையில் வாங்கிய அரைமணித்தியாலத்தில் அவள் மில்லிக்கனுக்குப் புறப்பட்டுவிட்டாள், மேலாளரிடம் காட்ட. என் வேலை எதிர்த்திசையில். பஸ் தரிப்பிடத்தில் என்னை இறக்கினாள், இத்தனை வருடம் தான் நின்ற அதே கண்ணாடிக் கூண்டுக்கு முன்னால். நான் கதவைப் பிடித்தபடி நின்றேன். ஏதாவது சொல்லவேண்டும் போலிருந்தது, பெரிதாக, அழகாக.

"கால் என்னமாதிரி?" என்றேன்.

"வேகுது." கண்ணாடியைச் சரிசெய்தாள், சிக்னலைப் போட்டாள், தோளுக்கு மேலால் ஒருதரம் பார்த்தாள். "கதவைச் சாத்துங்கோ. சூடு போகுது."