சிவப்புச் சீட்டு

கம்பம் பள்ளத்தாக்கை மலேரியா உலுக்கிய வருஷம், உத்தமபாளையத்தில் காய்ச்சல் முகாம் போட்ட டாக்டர் அவர். ஒல்லி உடம்பு, நூலால் கட்டிய மூக்குக்கண்ணாடி. ஒரு பானைக்குள் சிவப்பும் வெள்ளையுமாகச் சீட்டுகளை மடித்துப் போட்டிருந்தார். ஒரு நிறத்துக்குப் பழைய கொயினா மருந்து, மற்றதற்குப் புது மாத்திரை. நாங்கள் எடுக்கும்போது மட்டும் முகத்தை மலைப்பக்கம் திருப்பிக்கொள்வார்.

எனக்குச் சிவப்பு வந்தது. எங்கள் கோயிலில் பூக்கட்டிப் பார்த்தால் வெள்ளைதான் சாமி உத்தரவு. சிவப்பென்றால் காரியம் ஆகாது. காய்ச்சல் நடுக்கத்தோடு பயமும் சேர்ந்து பல் தந்தியடித்தது. மனசுக்குள் பாடை கட்டி, தூக்க நாலு பேரையும் பொறுக்கிவிட்டேன், மச்சானைச் சேர்க்கவில்லை.

“ஐயா, வெள்ளையா மாத்திக் குடுங்க. அதானே நல்ல மருந்து?”

வரிசையில் பின்னால் நின்ற ஒரு அக்கா அதட்டினாள்: “டாக்டரு சொன்னாகள்ல? எடுத்தத வச்சுக்க. உசுரு ஒனக்கு மட்டுந்தான் இருக்கா?”

டாக்டர் திரும்பினார். “எது நல்லதுன்னு எனக்கே தெரியாதுங்க. தெரிஞ்சா எல்லாருக்கும் அதையே குடுத்திர மாட்டேனா? ஆளப் பாத்து நான் குடுத்தா, என் ஆசை அதுல புகுந்துரும். அதான் சீட்டு.”

சாமியும் இதில் கை வைக்கவில்லை, டாக்டரும் வைக்கவில்லை என்றதும் அப்பாடா என்றிருந்தது. அந்த வாரமே காய்ச்சலும் விட்டது. எத்தனையோ வைத்தியரைப் பார்த்திருக்கிறேன். தெரியாது என்று சொன்னவர் அவர் ஒருவர்தான். அதைக் கேட்டு எனக்கு ஏன் தைரியம் வந்தது என்பதுதான் இன்றுவரை புரியவில்லை.