கடைசி வளையம்

மீன்பிடித் தடைக்காலத்தில் என் கை சும்மா இருக்காது. படகுக்குப் பெயின்ட் அடித்து, வலைக் கிழிசலையெல்லாம் சரிசெய்து முடித்த பிறகு, வீட்டில் யாரையாவது குறை சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அந்த முறை அகப்பட்டவள் என் தங்கை. மூலக்குளத்தில் வாழ்க்கைப்பட்டவள், பாகூர்ப் பக்கம் கடலோரத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் பிரசவத்துக்காக வந்திருந்தாள். செல்போனில் வீடியோ பார்த்துக் குரோஷா பழகினாள். ஒரு சின்னக் கொக்கி, ஒரு உருண்டை உல்லன் நூல். நாள் முழுக்கப் பின்னுவாள், சாயங்காலம் பிரிப்பாள்.

"இதுக்குப் பேரு வேலையாடி? ஒரு இழுப்புக்குத் தாங்கல."

"நீ பின்னிக் காட்டு, பாக்கலாம்," என்று கொக்கியை நீட்டினாள்.

எட்டாம் வகுப்பிலிருந்து வலை பின்னுகிறவன் நான். இது என்ன பிரமாதம் என்று உட்கார்ந்தேன். வீடியோவில் அந்தப் பெண் வளையத்துக்குள் வளையமாக இழுத்துக்கொண்டே போனாள். எனக்கு மனசு கேட்கவில்லை. ஒவ்வொரு வளையத்துக்கும் ஒரு முடிச்சுப் போட்டு இறுக்கினேன். வலையில் அப்படித்தான், ஒரு கண் அறுந்தாலும் பக்கத்துக் கண் தாங்கும். உள்ளங்கை அகலத்துக்கு ஒன்று வந்தது.

"இன்னாண்ணா இது, கொட்டாங்கச்சியா?" தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். என் மனைவி அதை எடுத்துப்போய்ப் பாத்திரம் தேய்க்க வைத்துக்கொண்டாள்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மதியம் தங்கை தூங்கும் நேரமாகப் பார்த்துப் பழகினேன். முடிச்சுப் போடாமல் விடுவதுதான் கஷ்டமாக இருந்தது. நூறு வளையம் போட்டாலும் அத்தனையும் கொக்கியில் மாட்டியிருக்கும் அந்த ஒரே வளையத்தை நம்பித்தான் நிற்கின்றன. பத்து நாளில் விரல் கொஞ்சம் தளர்ந்தது. கை தன் பாட்டுக்கு ஒரு குட்டித் தொப்பியைப் பின்ன ஆரம்பித்தது. என்ன காரியம் செய்கிறோம் என்று பாதியில்தான் உறைத்தது.

எங்கள் பக்கம் பிள்ளை பிறக்கும் முன்னே அதற்கென்று எதுவும் வாங்க மாட்டார்கள். பிறந்ததும் பழைய வேட்டித் துணியில்தான் சுற்றுவார்கள். இரண்டு வருடம் முன்பு தங்கை முதல் முறை உண்டாகியிருந்தபோது, தாய்மாமன் ஆகப்போகிற பெருமையில் ஆறாம் மாதமே ஒரு கவுன் வாங்கி வந்தேன். ஏழாம் மாதம் பிள்ளை தங்கவில்லை. யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

தொப்பியை வலைக் குவியலுக்குள் ஒளித்து வைத்தேன். பிரித்துவிடலாம் என்று எடுப்பேன், மனசு வராது, இன்னொரு சுற்றுப் போட்டு வைப்பேன். கடைசிச் சுற்றில் தங்கை பார்த்துவிட்டாள்.

"சொம்புக்கு மூடிடி," என்றேன். அந்தப் பொய்யை நானே நம்பவில்லை.

அவள் தொப்பியை வாங்கித் தன் கைமுட்டியில் மாட்டித் திருப்பிப் பார்த்தாள்.

"போன தபாவும் நான்தாம்மா..." என்று ஆரம்பித்தேன்.

"சும்மா இருண்ணா. கவுனாலயா போச்சி?" என்றாள். ஆனால் அவளுக்கும் பயம் இருந்தது, குரலிலேயே தெரிந்தது. கொக்கியோடு அதை என் கையில் திருப்பி வைத்தாள். "பிரிக்காத. கடைசி முடிச்ச மட்டும் போடாத. அதப் போட்டாத்தான் இது தொப்பி. அதுவரைக்கும் வெறும் நூலுதான்."

கொக்கியில் இருந்த கடைசி வளையம் நழுவாமல் இருக்க ஒரு சேப்டி பின் மாட்டி பீரோவில் வைத்தேன். மூன்று வாரம், தினமும் ஒரு தடவை திறந்து பார்த்தேன். கடலில் புயலுக்குக்கூட நான் அப்படிப் பயந்ததில்லை.

ஒரு காலை வேளையில் ஆஸ்பத்திரி வாசலில் பிளாஸ்டிக் பையோடு நின்றிருந்தேன். என் மனைவி வெளியே வந்து, "பொண்ணு. ரெண்டு பேரும் நல்லாக்கீறாங்க," என்றாள்.

குழந்தை என்னுடைய பழைய வேட்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. தங்கை களைத்துப் படுத்திருந்தாள். என் கையிலிருந்த பையைப் பார்த்ததும், "இப்ப போடுண்ணா," என்றாள்.

நூலை அறுத்தேன். அதை வளையத்துக்குள் நுழைக்க முடியவில்லை, கண்ணீர் மறைத்தது. என் மனைவிதான் நுழைத்துத் தந்தாள். ஒரு முடிச்சுப் போதும் என்று வீடியோவில் சொல்லியிருந்தார்கள். நான் மூன்று போட்டேன்.