போர்வெல் மாக்கி பள்ளிக்கூடம் வைத்த கதை

ஆர்விட் மாக்கி எட்டாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டவர். ஆனால் மினசோட்டாவின் வடகோடியில் இருக்கிற லார்ச் பே என்ற அந்த ஊரில், பட்டம் வாங்கிய அத்தனை பேரும் குடிப்பது அவர் பாறையைத் துளைத்து எடுத்துக் கொடுத்த தண்ணீர்தான். டாக்டர் வீட்டுப் போர் அவர் போட்டது. வக்கீல் வீட்டுப் போர் அவர் போட்டது. லூத்தரன் கோயிலில் ஞானஸ்நானத்துக்குக் குழந்தையின் தலையில் தெளிக்கிற தண்ணீரும் அவர் கொண்டுவந்ததுதான். அவரே சொல்லித்தான் இதெல்லாம் ஊருக்குத் தெரியும். அவர் சொல்லாமல் விட்ட ஆள் ஊரில் இல்லை.

பாறை என்றால் லேசுப்பட்ட பாறை இல்லை, இரும்பு ஓடுகிற பாறை. வெளியூரிலிருந்து பெரிய பெரிய கம்பெனிகள் வந்து, துளை போடுகிற ரிக் எந்திரத்தின் பல் உடைந்து, வண்டியைத் திருப்பிக்கொண்டு போயிருக்கின்றன. மாக்கி ஒரே ஒரு பழைய வண்டியோடு தொடங்கினார். எந்தக் கல்லூரியும் அவருக்குத் தண்ணீர் எங்கே இருக்கிறதென்று சொல்லிக் கொடுக்கவில்லை.

அப்படிப்பட்டவர் கலைப் பள்ளிக்கூடம் வைக்கப் போனது அவருடைய ஷெட்டால். ஊர்ப் பள்ளியில் முதலில் ஓவிய வகுப்பை எடுத்தார்கள், பிறகு பாட்டு வகுப்பை எடுத்தார்கள். நடனம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த ரெனாட்டா டோலஃப்சன் கொதித்துப்போய், "நாமே ஒரு சார்ட்டர் பள்ளி தொடங்குவோம்" என்று நாலு பேரைச் சேர்த்தாள். சார்ட்டர் பள்ளி என்றால் பணம் அரசாங்கத்தினுடையது, நடத்துவது ஊர்க்காரர்கள். பிள்ளைகளுக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் ஏதாவது ஒரு கல்லூரி, "இவர்களுக்கு நாங்கள் பொறுப்பு" என்று கையெழுத்துப் போட வேண்டும். கட்டிடமும் வேண்டும். மாக்கி ரிக் நிறுத்துகிற பெரிய ஷெட்டைக் கொடுத்தார். கொடுத்த கையோடு, "நானும் ஸ்தாபகர்" என்று அவர்கள் கூடிப் பேசுகிற மேஜைக்கு வந்து உட்கார்ந்துவிட்டார். யாரும் அழைக்கவில்லை, யாரும் எழுப்பவும் இல்லை.

பள்ளிக்கூடம் திறக்குமுன் அதன் கொள்கைகளை எழுத வேண்டுமாம். மாதக்கணக்கில் எழுதினார்கள். "ஒவ்வொரு பிள்ளைக்குள்ளும் ஒரு கலைஞன்" என்று ஒன்று. "தப்புப் பண்ணப் பயப்படாதே" என்று ஒன்று. ஒரு சொல்லைப் போடலாமா எடுக்கலாமா என்று ஒரு சாயங்காலம் முழுக்கப் பேசினார்கள். அந்த நேரத்தில் மாக்கி ஒரு போரையே இறக்கி முடித்திருப்பார்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் மேஜையைத் தட்டினார்.

"நான் ஒண்ணு சொல்றேன், எழுதிக்கங்க. என் ரிக் பக்கத்துல பாக்கெட்ல கைய விட்டுட்டு எவனும் நிக்க முடியாது. ஒண்ணு வேலை செய், இல்ல வீட்டுக்குப் போ. இங்க வேடிக்கை பாக்கறவன்னு யாரும் கிடையாது."

சுவருக்குப் பலகை அடிக்க ஆள் வராத கோபத்தில் சொன்னது அது. ஆனால் ரெனாட்டாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஆர்விட், ஒரு வருஷமா நாங்க தேடிட்டு இருந்தது இதுதான்" என்றாள். "இங்கே வேடிக்கை பார்ப்பவர் இல்லை" என்பது முதல் கொள்கையாக ஏறிவிட்டது. மாக்கி ஒரு வாரம் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

அடுத்த கூட்டத்தில்தான் விஷயம் தெரிந்தது. அந்தக் கொள்கைப்படி, இனி ஒவ்வொரு கூட்டமும் வட்டமாக நின்றுதான் தொடங்கும். ஆளுக்கு ஒன்று பாட வேண்டும், ஆட வேண்டும், இல்லை வரைய வேண்டும். பள்ளி திறந்த பிறகு தினமும் காலையில் பிள்ளை, வாத்தியார், சமையல்காரர், ஸ்தாபகர் எல்லோருக்கும் இதே விதி.

மாக்கியின் முகம் வெளுத்தது. காரணம் அவர் மனைவி லோர்னா ஒருத்திக்குத்தான் தெரியும். மூன்றாம் வகுப்பில் கிறிஸ்துமஸ் பாட்டுக்கு நிற்கும்போது டீச்சர் அவர் காதில், "நீ வாயை மட்டும் அசை, சத்தம் வரக் கூடாது" என்று சொல்லியிருந்தாள். அன்றிலிருந்து கோயிலில்கூட அவர் வாயை அசைப்பதோடு சரி. பக்கத்து பெஞ்சுக்காரர்கள் அவர் மெதுவாகப் பாடுகிறவர் என்று நினைத்திருந்தார்கள். வேறு எதிலும் அவர் மெதுவாக இருந்து யாரும் பார்த்ததில்லை.

அதனால் கூட்டம் தொடங்கும் நேரத்தில் அவருக்கு முட்டி வலித்தது. மறுமுறை காப்பி வாங்கப் போனார். அதற்கடுத்த முறை வண்டி பனியில் மாட்டிக்கொண்டது. தரையில் பனியே இல்லை.

பிறகு கையெழுத்துப் போட வேண்டிய கல்லூரியிலிருந்து மிசஸ் வெல்டா இங்கர்சோல் வருவதாகச் செய்தி வந்தது. ஒரு சனிக்கிழமை காலை வந்து கூட்டத்தைப் பார்ப்பாள். எழுதிய கொள்கைப்படி இவர்கள் நடக்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து. அந்த அம்மாள் பக்கத்து மாவட்டத்தில் இரண்டு பள்ளிகளைத் திருப்பி அனுப்பியவள்.

ரெனாட்டா மாக்கியின் வீட்டுக்கே வந்தாள். "ஆர்விட், அன்னிக்கு உங்களுக்குக் காய்ச்சல்னு சொல்லிடட்டுமா? யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க."

"எனக்கு எதுக்குக் காய்ச்சல்? நான் ஸ்தாபகர். நான் வருவேன்."

அவள் போனதும் லோர்னா அடுப்பைப் பார்த்தபடியே கேட்டாள்: "வந்து என்ன பண்ணுவே? போர் போட்டுக் காட்டுவியா?"

"பாடுவேன்."

"ஆர்விட், அந்தப் பிள்ளைங்க பள்ளிக்கூடம் பாவம்."

 அவர் நீராவிக் குளியலுக்கு வைத்திருந்த சௌனா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது; சற்று நேரத்தில் அவர்கள் வீட்டு நாய் வெளியே போக வேண்டும் என்று கதவைப் பிறாண்டியது.

சனிக்கிழமை வந்தது. ஷெட்டுக்குள், உருளைக்கிழங்கும் இறைச்சியும் போட்டு லோர்னா வேகவைத்துக் கொண்டுவந்த ஹாட்டிஷில் ஆவி பறந்தது. இங்கர்சோல் அம்மாள் நாற்காலியை ஓரமாகப் போட்டுக் கோட்டுப் பொத்தானைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள். ரெனாட்டா ஒரு சுற்றுச் சுழன்றாள். ஒருவர் பிடில் வாசித்தார். இன்னொருத்தி கரித்துண்டால் ஒரு மரம் வரைந்தாள். எல்லோரும் மாக்கியைப் பார்த்தார்கள். ரெனாட்டா தரையைப் பார்த்தாள்.

மாக்கி நடுவில் வந்து நின்றார். அவருக்குத் தெரிந்தது ஒரே பாட்டு. மரம் வெட்டுகிற முகாமில் அவர் அப்பா பாடினது. சமையல்காரன் பட்டாணிக் கஞ்சியைத் தீய வைக்கிறான். ஒரு சரணத்துக்கு ஓர் ஆள் கோபித்துக்கொண்டு முகாமை விட்டுப் போகிறான். பெரிய முகாம் அது.

வாயைத் திறந்தார். போர்க்குழிக்குள் இறக்குகிற கேசிங் பைப் துருப்பிடித்துப்போய், அதைப் பாறைக்குள் இழுத்த மாதிரி ஒரு சத்தம் வந்தது. பிடில்காரர் பிடிலை மடியில் மறைத்துக்கொண்டார். இரண்டாவது ஆள் முகாமை விட்டுப் போனபோது நிறுத்திவிடலாமா என்று மாக்கிக்குத் தோன்றியது. ஆனால் பாதியில் நிறுத்தினால் குழாய் உள்ளேயே மாட்டிக்கொள்ளும் என்று தெரியாதவரா அவர்? பாடினார். குதிரைக்காரன் போனான், ரம்பக்காரன் போனான், மேஸ்திரி போனான். கடைசியில் சமையல்காரனும் தன் கஞ்சியைத் தானே தின்ன முடியாமல் போனான். பாட்டு முடிந்தது. யாரும் கை தட்டவில்லை. எல்லோருக்கும் மூச்சுத்தான் வந்தது.

இங்கர்சோல் அம்மாள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். "மிஸ்டர் மாக்கி, இந்தக் கொள்கைகள்ல உங்களுக்கு ரொம்பக் கஷ்டமானது எது?"

"நீங்க இப்பக் காதால கேட்டதுதான்."

"அப்புறம் ஏன் பாடினீங்க?"

"நான்தான் அந்த விதியப் போட்டேன். எனக்கு மட்டும் இல்லைன்னா நல்லா இருக்குமா?" வியர்வையைத் துடைத்துக்கொண்டார். இனி போவதற்கு மானம் மிச்சமில்லை என்று ஒரு தெம்பு வந்துவிட்டது. "சரி, உங்க முறை. எந்திரிங்க."

"நான் பார்க்கத்தான் வந்திருக்கேன்."

"அதான் கிடையாதுன்னு சொல்றேன். இங்க பாக்கறவங்களே கிடையாது."

ரெனாட்டா, "ஆர்விட்" என்று ஈனஸ்வரத்தில் சொன்னாள். லோர்னா ஹாட்டிஷின் மேல் மூடியைப் போட்டாள்; இனி யாரும் சாப்பிடப் போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அந்த அம்மாள் கைப்பையைத் தரையில் வைத்தாள். பிறகு எழுந்தாள். கோட்டுப் பொத்தானை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். இரண்டு கையையும் வாயருகே குவித்து, மூச்சை அடிவயிற்றிலிருந்து இழுத்து, "சூ...ஊ...யீ" என்று ஒரு குரல் கொடுத்தாள். தகரக் கூரை அதிர்ந்தது. வெளியே பனி வாரிக்கொண்டு போன வண்டி நின்றது. ஓட்டுகிறவன் உள்ளே எட்டிப் பார்த்து, "யாருக்காவது அடியா?" என்றான்.

"பன்றியக் கூப்பிட்டேன்" என்றாள் இங்கர்சோல் அம்மாள், முகம் சிவந்து. "ஐயோவா மாநிலத்துல எங்கப்பாவுக்குப் பன்றிப் பண்ணை. மாவட்டச் சந்தையில கூப்பிடற போட்டி வைப்பாங்க. நான்தான் எப்பவும் முதல். காலேஜுக்குப் போனதுக்கு அப்புறம் யார்கிட்டயும் சொன்னதில்லை." உட்கார்ந்து, தட்டை நீட்டி ஹாட்டிஷ் கேட்டாள். இரண்டாம் முறையும் கேட்டாள். போகும்போது ரெனாட்டாவிடம், "உங்க கொள்கை வேலை செய்யுது. கையெழுத்து வரும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் மாக்கி ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டே வந்தார். "பாத்தியா? என் பாட்டுதான் பள்ளிக்கூடத்த வாங்கிக் குடுத்துது."

"மறுபடியும் நீ பாடிடுவியோன்னு பயந்து குடுத்துட்டாங்க" என்றாள் லோர்னா.

"எப்படியோ குடுத்தாங்கல்ல?" என்றார் மாக்கி. சற்றுப் பொறுத்து, "பள்ளிக்கூடம் தொறந்தா தினமும் காலைல வட்டம் உண்டு, தெரியும்ல?" என்றார்.

"தெரியும். அதான் பயமா இருக்கு."

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். லோர்னா அவசரமாக ரேடியோவைப் போட்டாள்.